புழுக்கமான ஊரில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்: கேட்டுப் பார்த்து வாங்க முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "சத்தம் எப்படி?" என்றுதான். தலையில் எப்படி உட்காருகிறது என்ற பேச்சு கடைசியில்தான் வரும், சில சமயம் பணம் கட்டிய பிறகு. ஆனால் இந்த வகை ஹெட்போனில் சத்தத்தையும் சுகத்தையும் பிரிக்க முடியாது. காதைச் சுற்றியுள்ள மெத்தை, அதாவது பேட், சரியாகப் பதியவில்லை என்றால் பேஸ் என்கிற கீழ் ஸ்தாயி ஒலி இறங்கிவிடும். பேட்டுக்கு அடியில் வியர்த்துக் கொட்டினால் பாட்டில் மனம் நிற்காது. குளிரூட்டிய கடையில் பத்து நிமிடம் கேட்டது, நம் வீட்டு ஹாலில் ஒரு மணி நேரம் கேட்பதற்கு ஈடாகாது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கும் ரப்பர். இந்த வகைக்குப் பெயர்போன ஜப்பானிய நிறுவனம் ஸ்டாக்ஸ்; அதன் ஹெட்போனைத் தலையில் வைத்துப் பார்க்க இங்கே ஒரு கடை கிடையாது. ராத்திரியில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும், மதியம் வெயில், சாயங்காலம் இடி மழை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் எழுதும் விமர்சனங்களில் இதெல்லாம் வராது. அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரண ஹெட்போனில் ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து ஒரு கூம்பை அசைக்கின்றன. எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் கம்பிச்சுருளே கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் படலத்துக்கு நிலையான உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். இதைத்தான் பயாஸ் என்கிறார்கள். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இன்றைய ப்ரோ வகைகளுக்கு 580 வோல்ட், பழைய நார்மல் வகைகளுக்கு 230 வோல்ட். பாட்டின் சிக்னல் இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒன்று படலத்தை இழுக்கும்போது மற்றொன்று தள்ளும். படலம் முழுவதும் ஒரே சீராக அசைகிறது, அசைய வேண்டிய எடையோ மிகச் சொற்பம். அந்தத் தெளிவுக்குக் காரணம் இதுதான்.

இதனால் இரண்டு விஷயங்கள் நம் தலையில் விழுகின்றன. முதலாவது, கைப்பேசியிலோ சாதாரண ஆம்ப்பிலோ (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இதை நேரடியாகச் செருக முடியாது. இதற்கென்று தனி ஆம்ப் வேண்டும். ஸ்டாக்ஸ் அதை டிரைவர் யூனிட் என்கிறது, அமெரிக்காவின் கோஸ் நிறுவனம் எனர்ஜைசர் என்கிறது. இரண்டாவது, படலத்தில் மின்னூட்டம் தங்க வேண்டும் என்றால் ஈரமும் தூசும் உள்ளே சேரக் கூடாது. பராமரிப்புப் பகுதியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

சரித்திரம் கொஞ்சம் போதும். ஸ்டாக்ஸ் முதல் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை 1960-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1979-இல் செவ்வக வடிவ லாம்டா வந்தது. பின்னால் வந்த எல்300, எல்500, எல்700 எல்லாம் அந்த வம்சம்தான். வட்ட வடிவ எஸ்ஆர்-007 1998-இல், எஸ்ஆர்-009 2011-இல், எஸ்ஆர்-எக்ஸ்9000 2021-இல். சென்ஹைசரின் ஓர்ஃபியஸ் 1991-இல் ஏறத்தாழ 300 மட்டுமே செய்யப்பட்டது. அதன் வாரிசான எச்இ 1 ஐம்பதாயிரம் யூரோ விலையில் 2015-இல் அறிவிக்கப்பட்டது. அதையெல்லாம் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்கு எல்300-லிருந்து 007 வரைதான் எல்லை. அதற்குள்ளேயே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான இசை இருக்கிறது.

படி 1: கேட்கப் போவதற்கு முன் தயாராகுங்கள்

சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் நிற்கிறது. காலையில் ஏறினால் மதியத்துக்குள் கோலாலம்பூர். அங்கே கேட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடைகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள், எந்த மாடல், எந்த ஆம்ப் என்பது உட்பட. வார நாள் நல்லது. சனிக்கிழமை கூட்டத்தில், வெளிச் சத்தம் உள்ளே வரும் திறந்த ஹெட்போனைக் கேட்பது வீண் வேலை.

நீங்கள் தினமும் கேட்கும் பாட்டுகளை நல்ல தரத்தில் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) இருந்தால் அதையும், இப்போதிருக்கும் ஹெட்போனையும் எடுத்துப் போங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் கேட்க வேண்டும். கழற்றி வைத்துவிட்டுக் கேட்டால் பிரமாதமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டதும் காம்பு பேட்டைத் தூக்கிவிடும், அந்தச் சின்ன இடைவெளியில் பேஸ் ஓடிவிடும்.

அப்புறம் நம் வீடுகளுக்கே உரிய விஷயம் ஒன்று. அன்றைக்குத் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள். ஆட்டுத்தோல் பேட்டில் எண்ணெய் ஏறினால் போகாது, அது அடுத்தவருடைய பொருளும்கூட. நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தால் லேசாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். காய்ந்த திருநீறு உதிர்ந்து காதுக்குவளைக்குள் விழும்; மின்னூட்டம் ஏறிய படலமோ தூசைத் தன் பக்கம் இழுக்கும். படலத்துக்கு மேலே காப்பு உறை உண்டு, உடனே கெட்டுவிடாது. ஆனால் நம் பழக்கம் தினமும் நடப்பதாயிற்றே. பெண்கள் தொங்கும் ஜிமிக்கியைக் கழற்றிவிட்டுக் கேட்பது நல்லது, கொண்டை போட்டிருந்தால் ஹெட்பேண்ட் சரியாக உட்காராது.

படி 2: சத்தம் இல்லாமல் முதலில் தலையில் வையுங்கள்

பாட்டைப் போடாமல் வெறுமனே போட்டுக்கொண்டு உட்காருங்கள். விற்பவர் வியந்தாலும் பரவாயில்லை.

முதலில் காது. மடல் முழுவதும் குவளைக்குள் அடங்கியதா, நுனி எங்கேயாவது உரசுகிறதா? லாம்டா வகையில் செவ்வகக் குவளை பெரியது, பெரிய காதுகளுக்கும் இடம் இருக்கும். 007-இல் பேட்டைச் சுழற்றி நம் காதுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம். இதைக் கடையில் யாரும் சொல்லித் தராமல் விட்டுவிடுவதுண்டு, நீங்களே கேளுங்கள். அடர்த்தியான பகுதி காதுக்குப் பின்னால், சற்றுக் கீழே வரும்படி திருப்பினால் தாடைக்குப் பின்னாலுள்ள குழி அடைபடும். அந்தக் குழிதான் பெரும்பாலோருக்குக் காற்று கசியும் இடம்.

அடுத்து தாடை. வாயைத் திறந்து மூடுங்கள், கொட்டாவி விடுங்கள். பேட் முகத்தோடு சேர்ந்து அசைய வேண்டும், பிடித்து அழுத்தக் கூடாது. சில மாடல்களைப் போடும்போது 'புஸ்' என்றோ 'கிறீச்' என்றோ ஒரு ஒலி வரும். காற்று உள்ளே அடைபட்டுப் படலம் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதால் வருவது அது. 007-இல் அடிக்கடி கேட்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், பேட் நன்றாக அடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். குவளையைப் படாரென்று காதில் அழுத்தாமல் மெதுவாக வைத்துப் பழகுங்கள்.

பிறகு எடை. எக்ஸ்9000 கேபிள் இல்லாமல் 432 கிராம். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் உச்சந்தலைப் பட்டை எடையை நன்றாகப் பரப்புகிறது. லாம்டாக்கள் அதைவிட லேசு, உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் இந்த விலைக்கா என்று தோன்றும். தலையில் வைத்தால் அந்த பிளாஸ்டிக்குக்கு நன்றி சொல்வீர்கள். எல்700-இல் ஹெட்பேண்ட் படிப்படியாகக் 'கிளிக்' என்று நகரும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். தோலும் அசல் தோல். எல்300-இல் செயற்கைத் தோல், அது நம் ஊரில் சீக்கிரம் பிசுபிசுக்கும். வெறும் ஒலிக்காக எல்300 போதும் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். ஆனால் புழுக்கத்தில் தினமும் கேட்பவருக்கு எல்700-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி அந்தப் பேட்டுக்கும் பட்டைக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது நியாயமான செலவு.

கேபிளையும் கவனியுங்கள். அகலமான, தட்டையான பட்டை கேபிள். கம்பிகள் நெருங்கினால் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) கூடிவிடும் என்பதால் அப்படி விலக்கிச் செய்கிறார்கள். சட்டையில் உரசும்போது 'சர்சர்' என்று காதில் ஏறும். நாற்காலியில் சாய்ந்து, தலையைத் திருப்பிப் பாருங்கள். நடந்துகொண்டே கேட்பவருக்கு இது ஒத்து வராது.

இப்படியே இருபது நிமிடம் இருங்கள். உச்சந்தலையில் ஒரு புள்ளியில் வலி தொடங்கினால் அது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது.

படி 3: இப்போது கேளுங்கள், வரிசையாக

ஆம்ப் சூடேறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அது முடிந்ததும் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சற்றுக் கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லதாகத் தோன்றும், காதின் இயல்பு அது. ஒரே பாட்டின் ஒரே இடத்தை இரண்டிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தீர்ப்பு.

முதலில் ஒரு குரல் மட்டும், பின்னால் தம்புரா. தம்புராவின் ஜீவா நூல் தரும் அந்த ரீங்காரத்தை நல்ல எலெக்ட்ரோஸ்டாட்டிக் தனித்தனி இழையாகக் காட்டும். ஒரு கம்பியின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது கிளம்புவது, இரண்டும் ஒன்றோடொன்று கலப்பது, எல்லாம் கேட்கும். குரல் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடம் உறுத்தாமல் கேட்டால் நல்லது. 'ச', 'ஷ' எழுத்துகள் ஊசி போலக் குத்தினால் அந்த ஜோடி உங்களுக்கு ஆகாது. லாம்டாக்களில் மேல் ஸ்தாயிப் பக்கம் கொஞ்சம் தூக்கல் உண்டு. பழைய திரைப்பாட்டுப் பதிவுகளில் அது சோதிக்கும். 007-இன் ஒலி இருட்டானது, அதாவது மேல் ஸ்தாயி அடங்கியது, இதமானது. 009 எதையும் மறைக்காமல் முன்னால் கொண்டுவந்து வைக்கும். மோசமான பதிவு என்றால் மோசம் முழுவதும் தெரியும்.

அடுத்து மிருதங்கம். வலந்தலையில் நடுவிலுள்ள கரணையில் விரல் படும் ஒலியும் ஓரத்து மீட்டும் இரண்டு வேறு இடங்களிலிருந்து வர வேண்டும். தொப்பியில், அதாவது இடது முகத்தில், குமுக்கி என்ற வளைந்து ஒலிக்கும் அடி வரும்போது அந்த வளைவு அறுபடாமல் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இங்கேதான் பேட் பதிந்திருப்பதன் அருமை தெரியும். குமுக்கி வரும் இடத்தில் இரண்டு குவளைகளையும் கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் தலைக்கு அந்தப் பேட் சரியாக அடைக்கவில்லை. இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு நாதஸ்வரமும் தவிலும். எங்கள் பக்கத்துக் கோயிலில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவருக்கு எல்700-ஐப் போட்டு, ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், வலது கை விரல்களைத் தொடையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, கூடு தோல்ல படுறது தனித்தனியா விழுது. எந்த விரல்னு சொல்லிடலாம். ஆனா தொப்பில குச்சி அடிக்கிறது நெஞ்சுக்கு வரல." கூடு என்றால் தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டும் உறை. அவர் சொன்னதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் பேஸ் ஆழமாகப் போகும், அதன் சுருதியும் இழையும் தெரியும். உடம்பில் வந்து மோதும் அடி மட்டும் குறைவு. அதுதான் வேண்டும் என்பவர் நல்ல பிளேனார் ஹெட்போனை (காந்தங்களால் தட்டையான படலத்தை அசைக்கும் வகை) பார்க்கலாம். எலெக்ட்ரோஸ்டாட்டிக்கிலேயே 2021-இல் வந்த ஆடிஸி சிஆர்பிஎன் போன்றவை இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்க்கின்றன, ஆனால் விலை ஸ்டாக்ஸின் உயர் மாடல்கள் பக்கம் போய்விடுகிறது.

கடைசியில் உறுமி. தைப்பூசத்திலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வளைந்த குச்சி தோலில் தேயும்போது வரும் அந்த முனகல் ஒரு ஒலி இல்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உரசல்களின் தொடர். சாதாரண ஹெட்போனில் அது 'உம்ம்ம்' என்று ஒரே குழம்பாக வரும். நல்ல எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் குச்சி எங்கே அழுத்தமாகத் தேய்ந்தது, எங்கே தளர்ந்தது என்பது வரை கேட்கும். கைப்பேசியில் எடுத்த பதிவு வேண்டாம், ஸ்டூடியோவில் பதிந்ததாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிதைவு மிகக் குறைவாக இருப்பதால் ஒலி கூடியிருப்பதே தெரியாமல் திருகிக்கொண்டே போவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழுகிற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டில் எங்கே, எப்போது

இந்த ஹெட்போன்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் திறந்தவை. நீங்கள் கேட்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவரும் கேட்பார். வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். தகரக் கூரையில் மழை பிடித்தால் கதை முடிந்தது, பேசாமல் கழற்றி வைத்துவிட்டுத் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக் குடியுங்கள். கூரை விசிறியின் கடகடப்புக்கூட மெல்லிய இடங்களை விழுங்கும். பக்கவாட்டில் வைத்த மேசை விசிறி, குறைந்த வேகத்தில், முகத்துக்குப் படாமல் கழுத்துக்கும் முதுகுக்கும் காற்று வரும்படி இருந்தால் சுகம். குவளைக்குள் நேராகக் காற்று புகுந்தால் படலம் அதையும் சொல்லும்.

ஏர்கோன் இருக்கும் அறை என்றால் பாட்டு தொடங்குமுன் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெப்பத்தைவிட ஈரம் குறைவதுதான் முக்கிய லாபம். சாம்பிராணி போடும் சாமி அறைக்குப் பக்கத்தில் கருவியை வைக்காதீர்கள். வால்வு வைத்த ஆம்ப்புகள் நன்றாகச் சூடேறும். சின்ன அறையில் அதன் சூட்டையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். நம் ஊருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்பே வசதி என்பது என் முடிவு.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு போடவே கூடாது. ஆம்ப்பில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடைகள் இருந்தாலும் உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான வோல்ட்.

படி 5: மின்சாரம்

ஜப்பானிலிருந்து பழைய ஸ்டாக்ஸ் ஆம்ப் வாங்குவது மலிவு, பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் ஆம்ப் அப்போதே போய்விடும். இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதிலும் ஒரு பொறி இருக்கிறது: கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் கொடுப்பது, 100 வோல்ட் ஆம்ப்புக்கு அது பத்து விழுக்காடு கூடுதல். நம் வீட்டு அழுத்தம் 240-க்குப் போகும்போது அது இன்னும் ஏறும். '100 வோல்ட்' என்று அச்சிட்டதாகவே கேட்டு வாங்குங்கள். ஆம்ப் எடுக்கும் வாட்டைப் போல இரு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும்.

இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மழை வருவதற்கு முன்பே இடி வந்துவிடும் ஊர் இது.

பிளக் முனைகளையும் எண்ணிப் பாருங்கள். ப்ரோ வகைக்கு 5 முனை, நார்மல் வகைக்கு 6 முனை. ஹெட்போனும் ஆம்ப்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கோஸ் இஎஸ்பி/950-க்குத் தனி பிளக், தனி எனர்ஜைசர், 600 வோல்ட் பயாஸ். லேசான உடல், இதமான ஒலி, எல்லாம் சேர்த்தே வரும். முதல் ஜோடிக்கு அது மோசமான தேர்வு இல்லை.

படி 6: ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

ஈரம் ஏறினால் படலத்தின் மின்னூட்டம் கசியும். ஒரு பக்கம் மெதுவாகச் சத்தம் குறையும், அல்லது மெல்லிய கீச்சொலி வரும். கேமரா வைக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கி, 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துவிடுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் ரப்பர் விளிம்புள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரமானி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துப் பயன்படுத்தலாம். பேட் அழுந்தாதபடி வையுங்கள். கேட்டு முடித்ததும் நேராக உள்ளே வைக்காமல், மெல்லிய உலர்ந்த துணியால் வியர்வையை ஒற்றி எடுத்துச் சற்று ஆறவிட்டு வையுங்கள். ஹேர் டிரையர் காட்டுவது, அரிசியில் புதைப்பது இரண்டும் வேண்டாம். சூடு படலத்தின் இழுவையைக் கெடுக்கும், அரிசித் தூசு உள்ளே போகும்.

ஒரு பக்கம் குறைந்தால் பழுது எங்கே என்று இப்படிப் பாருங்கள். ஆம்ப்பை அணைத்து, பின்னால் வரும் இடது வலது கேபிள்களை மாற்றிச் செருகுங்கள். குறை மறு காதுக்கு மாறினால் கோளாறு டாக்கிலோ கேபிளிலோ இருக்கிறது. அதே காதில் நின்றால் ஆம்ப் அல்லது ஹெட்போன். பின்னது என்றால் இரண்டு மூன்று நாள் டிரை கேபினெட்டில் வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். வெறும் ஈரம் என்றால் பெரும்பாலும் திரும்பிவிடும். குவளையைத் திறந்து படலத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 7: பழையது வாங்குபவருக்கு

விற்பவர் வீட்டிலேயே குறைந்தது முக்கால் மணி நேரம் தொடர்ந்து கேளுங்கள். மின்னூட்டம் கசியும் ஜோடி முதல் சில நிமிடம் நன்றாகத்தான் பாடும், பிறகுதான் ஒரு பக்கம் சாயும். மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள், குரல் நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். பாட்டை நிறுத்தி ஒலியைக் கொஞ்சம் ஏற்றி, இரைச்சலோ படபடப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெட்போனை இடவலம் மாற்றிப் போட்டும் பாருங்கள். எந்தப் பக்கம் குறைந்தாலும் அது உங்கள் காதா, கருவியா என்பது அப்போதே தெரிந்துவிடும். பேட் தோலில் வெடிப்பு, உள் நுரை நொறுங்கல், கேபிள் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் வெட்டு, இவற்றை விரலால் தடவிப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலுக்கு இன்றும் புதுப் பேட் கிடைக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். நம் வியர்வையில் பேட் தேய்ந்துதான் தீரும், மாற்றிப் போடும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் தலை அளவுக்குப் பொருந்தாத வெளி நிறுவனப் பேட்டைப் போட்டால் ஒலியே மாறிவிடும். கடையில் கேட்டு நீங்கள் ஆசைப்பட்டது அசல் பேட்டோடு வந்த ஒலியைத்தான் என்பதால், அசல் பேட் கிடைக்காத மாடலை அரை விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.